நாலு அங்குலக் குழாயில் ஆறு நாள் தண்ணீர்

ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். வானத்தில் முகில் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று விடியுமுன்பே எழும்பித் தண்ணீர்த் தாங்கியின் தகர மூடியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நெடுந்தீவின் மேற்குக் கரையில் இருக்கிற இருபத்து மூன்று வீடுகளின் குடிதண்ணீருக்குள் நான் பத்துக் கிலோ உப்பைக் கரைத்து ஊற்றினேன்.

களவாக அல்ல. எங்கள் குடிநீர்ச் சங்கத்தின் செயலாளர் நான். கூட்டம் வைத்து, அறிவித்து, சுகாதாரப் பரிசோதகரிடம் வாயால் அனுமதி வாங்கிச் செய்த காரியம்.

தாங்கியின் அடியில் இருந்த வால்வை யோகன் பூட்டினான். ஐம்பது வயதுக்காரன், உவர்த் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து நல்ல தண்ணீராக்கும் எங்கள் இயந்திரத்தை இயக்குகிறவன். குழாயின் தொடக்கத்திலிருந்து நாற்பது லீற்றரை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு நாற்பது லீற்றர் உப்புக் கரைசலைப் புனல் வைத்து ஊற்றினோம். கடைசி வாளியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"ஐயா, இது பாவமில்லையோ? உந்த மிசின் இராப்பகலா உப்பை எடுக்குது. நாங்கள் திருப்பிப் போடுறம்."

"ஊத்தும், ஊத்தும்."

"மிசினுக்குத் தெரிஞ்சால் ரோசத்தில நிண்டிடும்."

ஊற்றினான். வால்வைத் திறந்தான். உப்பு மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அது எப்போது போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறமில்லாத குப்பி

இதெல்லாம் ஏன் என்று சொல்ல வேண்டும்.

யூன் மாதக் கடைசியில் சுகாதாரப் பரிசோதகர் படகில் வந்தார். கண்ணியமான மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். குழாய்களில் தண்ணீர் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்குவார். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். இல்லாவிட்டால் வராது. தாங்கிக்குப் பக்கத்தில் நல்ல சிவப்பு. மேற்குக் கரையின் கடைசி வீட்டில், பூமணியின் முற்றத்துக் குழாயில், ஒன்றுமே இல்லை. மூன்று தரம் குலுக்கினார்.

"ஐயா, கிருமி வந்தால் தடுக்க இந்தத் தண்ணியில ஒண்டும் இல்லை. மாரிக்கு முதல் குளோரின் இந்த முனைக்கு வராட்டில், நான் இந்தப் பைப்பைப் பூட்டச் சொல்லித்தான் எழுதோணும்."

பூமணி படலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அறுபத்து மூன்று வயது. புருஷன் கடலோடு போய்ப் பன்னிரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இடுப்புக்குச் சத்திரசிகிச்சை செய்து இரும்பு வைத்திருக்கிறார்கள். குழாய் வருமுன் மேற்குக் கரைச் சனம் தாங்கியடிக்கு நடந்து வந்துதான் தண்ணீர் அள்ளியது. போக ஆயிரத்து நானூறு மீற்றர், வர ஆயிரத்து நானூறு.

"தம்பி, பூட்டுறதெண்டால் பூட்டும். ஆனால் எனக்கு இடுப்புக்குள்ள இரும்பு கிடக்கு. குடம் இனி ஏறாது. வவுனியாவில மகளிட்டப் போய், மருமோன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு தண்ணி குடிக்கோணும். அதையும் சேத்து எழுதும்."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் குப்பியைப் பார்த்தேன்.

குளோரினைக் கூட்டிப் பார்த்தோம். தாங்கியடி வீடுகள் ஆசுப்பத்திரி மணம் என்று கத்தின; மேற்கில் அப்போதும் நிறம் வரவில்லை. கடைசிக் குழாயைத் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றலாம் என்றார்கள். ஒருமுறை வெளியேற்றப் பதினோராயிரத்துத் தொளாயிரம் லீற்றர் வேண்டும். இயந்திரம் தீவு முழுவதற்கும் சேர்த்து நாளுக்கு எடுப்பதே அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

மாமியின் குழாய்

அந்தப் பதினோராயிரத்துத் தொளாயிரம் எங்கிருந்து வந்தது என்றால், என் மாமியிடமிருந்து வந்தது.

மாமி என்றால் மனைவி சரசுவின் தாயார். அவர் காலமான பிறகு, சுவிஸில் இருக்கிற மச்சான் ரவி, தாயாரின் ஞாபகமாக மேற்குக் கரைக்குக் குழாய் போட்டுத் தர முன்வந்தான். நல்ல மனம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அரச சேவையில் முப்பத்திரண்டு வருடம் படவரைஞராக இருந்தவன். வீடுகளை எண்ணி, வாய்களை எண்ணி, ஒன்றேகால் அங்குலக் குழாய் போதும் என்று திட்டம் வரைந்து அனுப்பினேன்.

அதே காலத்தில் ரவியின் சிநேகிதன் ஒருவன், புங்குடுதீவுக்காரன், தன் தகப்பன் பெயரில் மூன்று அங்குலக் குழாய் போட்டிருந்தான்.

ரவி நாலு அங்குலம் என்றான்.

சங்கக் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். நாலு அங்குலத்துக்கு முப்பது கை உயர்ந்தது. அதில் ஒன்று சரசுவின் கை. சும்மா வருகிற குழாயில் பெரியதை விட்டுச் சிறியதைக் கேட்கிற விசரன் யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குழாய் தாங்கியடியிலிருந்து புறப்பட்டு, வீடே இல்லாத வெட்டை வெளியில், முருகைக்கல் வேலிகளின் ஓரமாக, குதிரைகள் மேய்கிற தரவை தாண்டி மேற்கே போகிறது. முடிகிற இடத்தில் மாபிள் கல்லில் மாமியின் பெயர். குழாய் திறந்த அன்று பாற்சோறு, பலகாரம், வீடியோ. தண்ணீர் நல்ல வேகமாகத்தான் வந்தது.

ஒரு விஷயத்தைத்தான் யாரும் யோசிக்கவில்லை. குழாய் பாதை மட்டுமல்ல, பாத்திரமும்தான். நாலு அங்குலக் குழாயின் ஒவ்வொரு மீற்றரும் எட்டரை லீற்றர் தண்ணீரைத் தன் வயிற்றில் வைத்திருக்கும். ஆயிரத்து நானூறு மீற்றருக்குப் பெருக்கிப் பாருங்கள். இருபத்து மூன்று வீடும் குடிக்க, சமைக்க என்று எடுப்பது நாளுக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்து லீற்றர். குளிப்பு முழுக்கு எல்லாம் கிணற்றில்தான். ஆகவே இன்று தாங்கியை விட்டு வெளிக்கிடுகிற தண்ணீர், முன்னால் நிற்கிற தண்ணீர் முழுவதும் குடித்து முடிந்த பிறகுதான் பூமணியின் வாளியில் விழும். ஆறு நாள். ஓகஸ்ட் வெயிலில், ஒரு முழ ஆழ மண்ணுக்குள் ஆறு நாள் கிடந்தால் குளோரின் என்ன ஆகும்? ஆளில்லாத வீட்டில் வைத்த கற்பூரம் போல ஆகும்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் செருப்புகளின் ஆயுட்காலத்தை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வவுனிக்குளத்திலிருந்து ஒரு வாசகர் "உங்களுக்கு எண்ணாமல் இருக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். முடியும். எண்ணாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது, அவ்வளவுதான்.

நூற்று நாற்பது பெட்டிகள்

மகள் கனடாவிலிருந்து அனுப்பிய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் கணக்குத் தாளைத் திறந்து குழாயை நூற்று நாற்பது பெட்டிகளாக வெட்டினேன். பெட்டிக்குப் பத்து மீற்றர், எண்பத்தைந்து லீற்றர். மேற்குக் கரையில் யாராவது குழாயைத் திறந்தால் கடைசிப் பெட்டியிலிருந்து தண்ணீர் போகும்; அதற்கு முந்திய பெட்டி அதை நிரப்பும்; அதை அதற்கு முந்தியது. இப்படி ஒன்றுக்குள் ஒன்று கலந்து நகர்ந்து வருகிற தண்ணீரின் வயதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் யார் எப்போது எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது கணினிக்குத் தெரியாது. அதற்கு நான் வீடு வீடாகப் போனேன்.

"காலமை எத்தினை மணிக்கு முதல் வாளி பிடிப்பியள்?" என்று பூமணியைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை, வரி போடப் போறாங்களோ?"

"இல்லை. தண்ணியின்ர வயசைப் பாக்க."

"தண்ணிக்கு வயசோ? பிறந்த நேரத்தைப் போய் யோகனிட்டக் கேளுங்கோ. சாதகம் எழுதுறதெண்டால் அவனுக்குத்தான் தெரியும்."

பக்கத்து வேலியால் யாரோ சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்: ஐந்து மணி ஐம்பது, இரண்டு வாளி.

வீட்டுக்கு வந்தால் சரசு. "ஊருக்குள்ள குடத்தை எண்ணிக்கொண்டு திரியிறியளாம். எனக்கு முகத்தைக் கொண்டு திரிய ஏலாமல் கிடக்கு."

"உம்மட அம்மாவின்ர பைப்புக்குத்தான் எண்ணுறன்."

"அவ ஒருநாளும் பைப் கேட்டவ இல்லை," என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

கணினி சொன்ன விடை: செவ்வாயன்று உப்பு ஊற்றினால், அது திங்களன்று மேற்குக் கரைக்கு வரும், முன்னே பின்னே ஒரு நாள். தெளிவான, ஒடுங்கிய ஒரு மேடு. அந்தப் படத்தை ரவிக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது, குரலில்.

"அத்தான், கொம்பியூட்டருக்குள்ள தண்ணி ஓடாது. உண்மையான பைப்பில காட்டுங்கோ, பிறகு கதைப்பம்."

அதனால்தான் உப்பு. உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதை அளக்கிற கையடக்கமான ஒரு மீற்றரைக் குழாயடியில் பிடித்தால், உப்பு எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது போய் முடிகிறது என்று காட்டும். வாடகைக்கு எடுத்தேன்.

சங்கத்தில் அறிவித்தேன்: "ஞாயிறு மத்தியானத்துக்கு முதல் குடிக்கிற தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ. திங்கக்கிழமை பைப்புத் தண்ணி வாயில வைக்க ஏலாது."

வெள்ளிக்கிழமை வந்த திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பூமணி.

"அண்ணை, திங்கக்கிழமை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"என்ர தேத்தண்ணிக்குள்ள இண்டைக்கே திங்கக்கிழமை வந்திட்டுது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க்காற்று. நான் போய்ச் சேருமுன் செய்தி எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. முதலில் சந்தித்தவர், "கடல் பைப்புக்குள்ள வந்திட்டுதாம்" என்றார். அடுத்தவர், "மிசின் பழுதாம்" என்றார். தாங்கியடியில் பதினான்கு பேர் வெறும் கலன்களோடு யோகனைச் சுற்றி நிற்க, அவன் ஒரு கோப்பைத் தண்ணீரை அவர்கள் முன்னாலேயே குடித்துக் காட்டிக்கொண்டிருந்தானாம். மேற்குக் கரையில் ஒரு கிழவர் மட்டும் படலையில் நின்று என்னை மறித்தார்.

"கனகாலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இருந்துது. இப்பிடியே விடுங்கோ."

சவர்த் தண்ணீரில் எழுபது வருடம் வளர்ந்த நாக்கு அது. குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாக்குகளிடம் உப்பை மறைக்கவும் முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். வேறு ஊர் என்றால் அந்த அளவு உப்பை வெள்ளிக்கிழமை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். என் மீற்றர் மட்டும்தான் கண்டிருக்கும். எங்கள் சனத்துக்கு மீற்றர் தேவையில்லை.

வெள்ளி மாலையிலிருந்து அடுத்த வாரச் சனிக்கிழமை வரை, பகலில் இரண்டு மணிக்கு ஒருதடவை, பூமணியின் குழாயடியில் மீற்றரைப் பிடித்தேன். பூமணி எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை எடுத்துப் போட்டார். தேநீர் தரவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை. அந்த வாரம் முழுவதும் யோகன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கலன் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டுக்கு இரண்டு கலன் இறக்கினான்.

உப்பு வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை ஏறியது. பிறகு இறங்கியது, ஆனால் இறங்கி முடியவில்லை. புதன், வியாழன், வெள்ளி என்று வால் நீண்டுகொண்டே போனது. என் ஒடுங்கிய மேடு எங்கே? அது கணினிக்குள்ளேயே இருந்துவிட்டது.

இறங்குதுறைக் கணக்கு

ஏன் அப்படி என்று எனக்கு விளங்கியது குழாயடியில் அல்ல. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வந்து இறங்குகிறபோது.

படகில் இருக்கும்வரை எல்லாரும் ஒன்று. எண்பது பேர் ஒன்றாக ஏறி ஒன்றாக ஆடி ஒன்றாக எங்கள் துறைக்கு வருவோம். இறங்கிய பிறகு பாருங்கள். மோட்டார் சைக்கிளைத் துறையடியில் விட்டுப் போனவன் ஐந்து நிமிடத்தில் வீட்டில் நிற்பான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முக்கால் மணி. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான்: தேநீர்க் கடையில் ஒருவரைக் கண்டு, கூட்டுறவுச் சங்கக் கடையில் இன்னொருவரைக் கண்டு, காலைப் படகில் வந்தவன் பொழுதுபடத்தான் படலையைத் திறப்பான். சராசரி எடுத்தால் ஒரு மணித்தியாலம் வரும். அவன் மனைவியிடம் போய்ச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள்.

என் கணக்கில் தண்ணீர் படகைப் போல வந்தது. உண்மையில் அது இறங்கிய சனத்தைப் போல வருகிறது. மெதுவாக ஓடுகிற பெரிய குழாயில் நடுவில் இருக்கிற தண்ணீர் முந்திப் போகும். கரையோடு ஒட்டியது பிந்தி நிற்கும். இரவில் ஒருவரும் எடுக்காதபோது எல்லாம் நின்று ஒன்றோடொன்று கலக்கும். பெட்டி பெரிதானால் அதற்குள் கலப்பும் கூடும் என்பதால், பொருந்துகிற கோட்டைத் தேடி நான் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நூறு, ஐம்பது, இருபது. ஆறே ஆறு பெட்டியாக்கியபோதுதான் கணினியின் கோடும் மீற்றரின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன.

அதன் அர்த்தம் நல்லதல்ல. பூமணியின் ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நாள் தண்ணீரும் இருக்கிறது, ஆறு நாளும் இருக்கிறது, பத்து நாளும் இருக்கிறது. அந்தப் பத்து நாளுக்கு எந்தக் குளோரின் தாக்குப்பிடிக்கும்?

பரிசோதகர் வந்தபோது இரண்டு கோடும் உள்ள படத்தைக் காட்டினேன். நின்று நிதானமாகப் பார்த்தார்.

"படம் வடிவா இருக்கு ஐயா. குளோரின் எங்க?"

"பைப்பைச் சிறிசாக்கினால் வரும். உள்ளுக்குத் தண்ணி குறைவு, சுறுக்கா மாறும். ஒண்டேகால் இஞ்சி எண்டால் ஒரு நாளுக்குள்ள வந்திடும்."

"அப்ப மாத்துங்கோ. ஒக்டோபர் கடைசியில திரும்பி வருவன். அதுக்குப் பிறகு என்னால பொறுக்க ஏலாது."

நாலு இஞ்சி மனிசி

ஞாயிற்றுக்கிழமை ரவி காணொலியில் வந்தான். சரசு தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்தார். நான் வயதுக் கணக்கு, உப்பு, ஆறு பெட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். கடைசியில் மாற்ற வேண்டும் என்றதும் முகம் மாறியது.

"அத்தான், நாலிஞ்சி போட்டவன் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதைக் கழட்டிப்போட்டு ஒண்டேகால் இஞ்சி போடப் போறியளோ? எங்கட அம்மா என்ன ஒண்டேகால் இஞ்சி மனிசியோ?"

"தண்ணி பழுதாகுது ரவி."

"பெரிய பைப்பில தண்ணி பழுதாகுதெண்டு உலகத்தில ஆராவது சொன்னவங்களோ?"

"நான் சொல்லுறன். உப்பும் சொன்னது."

"அக்கா, இவரை நீ எப்பிடி நாப்பத்தொரு வருசம்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். பிறகு கையை வீசிச் சொன்னான்: "அம்மாவின்ர பைப்பை மண்ணுக்கு வெளியால எடுக்க நான் விடமாட்டன். சின்னப் பைப் தான் வேணுமெண்டால் அதுக்குள்ளயே செருகுங்கோவன்! வெளியால அம்மா நாலிஞ்சியாத்தான் இருக்கோணும்."

நக்கலாகச் சொன்னான். சிரிக்கவும் செய்தான்.

நான் சிரிக்கவில்லை. ஒன்றேகால் அங்குலக் கறுப்புக் குழாய் நூறு மீற்றர் சுருளாக யாழ்ப்பாணத்தில் விற்கிறார்கள். வளையும். நாலு அங்குலத்துக்குள் அது தாராளமாகப் போகும். நூறு மீற்றருக்கு ஒரு கிடங்கு வெட்டி, பெரிய குழாயில் ஒரு துண்டை நறுக்கி, அதற்குள்ளால் தள்ளிவிட்டால், பதினான்கு சுருளில் மேற்குக் கரை.

"ரவி," என்றேன், "நீர் சொன்னதைத்தான் செய்யப் போறன்."

"எதை?"

"செருகப் போறன்."

 பிறகு, "ரெண்டாம் பைப்புக்கு நான் காசு தரமாட்டன் அத்தான். ஒருத்திக்கு ஒரு பைப்தான்," என்றான். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை.

சங்கத்தின் கையிருப்பு இயந்திரத்தின் வடிகட்டிக்கே காணாது. என்னிடம் ஒரு நிலையான வைப்பு இருந்தது. அதை நான் எதற்குப் போட்டேன் என்பது சரசுவுக்குத் தெரியாது. வங்கிப் புத்தகத்தை எடுத்ததும் கேட்டார்.

"அது என்ன காசு?"

"என்ர செத்தவீட்டுக் காசு. பிள்ளையள் அங்கையிருந்து அனுப்பி அந்தரப்படக் கூடாதெண்டு போட்டு வைச்சனான். பெட்டி, பந்தல், பறை, எட்டுச் செலவு, அந்தியேட்டி, எல்லாத்துக்கும் கணக்குப் பாத்து."

சரசு கதிரையில் இருந்தார்.

"அதை எடுத்துப் பைப்புக்குப் போட்டால், பிறகு நீங்கள் எப்பிடிச் சாகிறது?"

"கொஞ்சம் பொறுத்து."

"முப்பத்தொராம் நாளுக்கு உங்கட வாழ்க்கைக் கதையைக் கல்வெட்டுப் புத்தகமா அடிக்கிறதுக்கும் அதுக்குள்ளதானோ காசு?"

"ஓம். அது இனித் தேவையில்லை. வாரா வாரம் பத்திரிகையில எழுதுறன், அது காணாதோ?"

அவர் சிரிப்பை அடக்கியபடி எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்து வந்து தந்தார். வங்கிக்குப் போகும்போது நான் வழக்கமாக மறந்துவிட்டுப் போவது அது.

பதினான்கு சுருள்

செப்டெம்பர் நடுப்பகுதியில் சுருள்கள் குறிகட்டுவானுக்கு லொறியில் வந்தன. சோளகம் இன்னும் விடவில்லை. கூரைமேல் கட்டினால் படகு சாயும் என்று ஓட்டி சொன்னார். ஆகவே சனத்துக்கு நடுவில் அடுக்கினோம். அன்று பாதிப் பேர் என் குழாயின்மேல்தான் இருந்து வந்தார்கள்.

"அண்ணை, இவ்வளவு பெரிய பாம்பை எங்க கொண்டு போறியள்?" என்றாள் மீன்கூடையோடு ஒருத்தி.

"மாமியின்ர வயித்துக்க விட."

"ஐயோ, மனிசி செத்தும் நீங்கள் விடமாட்டியள் போல கிடக்கு."

வேலை ஆறு பேருக்கு நாலு நாள். முருகைக்கல்லில் அலவாங்கு விழுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்டது. முதல் எட்டுச் சுருளும் வழுக்கிக்கொண்டு போயின. சவர்க்காரம் பூசித்தான் தள்ளினார்கள். ஒன்பதாவது பாதியில் இறுகி நின்றது. அந்த இடத்தில் குழாய், அடி பருத்த பெருக்க மரம் ஒன்றைச் சுற்றி வளைகிறது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.  இதற்குள் உடைந்தால் பழைய குழாயும் இல்லை, புதியதும் இல்லை. பூமணி அடுத்த படகில் வவுனியா. வளைவில் இன்னொரு கிடங்கு வெட்டி அங்கிருந்து இழுத்தபோது பொழுது பட்டுவிட்டது.

சரசு தேநீர்ப் போத்தலோடு வந்திருந்தார். கிடங்கின் கரையில் குந்தியிருந்து, நறுக்கிய பெரிய குழாயின் வாயைக் கையால் தடவிப் பார்த்தார். கறுப்புக் குழாய் அதன் நடுவால் போய்க்கொண்டிருந்தது.  தொலைபேசியை எடுத்துத் தம்பிக்குப் பிடித்தார்.

"அக்கா, மூடின பிறகு வெளியால நாலிஞ்சிதானே தெரியும்?"

"மூடின பிறகு மண்தான் தெரியும் ரவி," என்றார் சரசு.

கடைசிக் கிடங்கை மூடி, இருபத்து மூன்று வீட்டு இணைப்பையும் சின்னக் குழாய்க்கு மாற்றினோம். இப்போது மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். முழுவதற்கும் ஆயிரத்து நானூறு. தாங்கியை விட்டுக் காலையில் புறப்படுகிற தண்ணீரில் பெரும்பகுதி அன்றிரவோ மறுநாள் விடியவோ மேற்கில் நிற்கிறது. குழாயடியில் தண்ணீர் வருகிற வேகம் முந்தியை விடக் குறைவு. வாளி நிரம்ப இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்று பதினொரு வீட்டார் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

ஒக்டோபர் கடைசியில், முதல் மழை பெய்த மறுநாள், பரிசோதகர் வந்தார். பூமணியின் முற்றத்தில் குப்பியை நிரப்பிக் குளிசையைப் போட்டுக் குலுக்கினார். வெளிச்சத்துக்கு உயர்த்தினார். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கிட்டப் போனேன். மெல்லிய சிவப்பு, கழுவின செம்பருத்திப் பூவின் நிறம் அளவுக்கு. தன் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "காணும், இவ்வளவு போதும்" என்றார். பூட்டுவதைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் எழுதவில்லை.

பூமணி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அண்ணை, இப்ப தண்ணி ஆசுப்பத்திரி மாதிரி மணக்குது."

"மணக்கத்தான் வேணும் பூமணி."

"நான் பிழை சொல்லேல்லை. மணக்கட்டும். வவுனியாவிலயும் இப்பிடித்தான் மணக்கும், ஆனால் அங்க அது மருமோன்ர தண்ணி."

வாளியை நிரப்பி, பாதியை வேறொரு சட்டிக்கு ஊற்றி, தூக்கக்கூடிய அளவோடு உள்ளே கொண்டு போனார்.

சுருள், பொருத்து, லொறி, படகு, ஆறு பேரின் கூலி, வைப்பைத் தவணைக்கு முன் உடைத்ததால் போன வட்டி, எல்லாம் சேர்த்து என் செத்தவீட்டுக் காசில் செலவானது ஐந்து இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபா.